ஐந்து வாரத்தில் தொண்ணூறு

“இரு லில்லி, சைபர் பண்ணிக்கிறேன்.”

சாம்பார்க் கரண்டியோடு லில்லி நின்றாள். அவள் கணவர் சிட்டிபாபு தட்டைத் தராசின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினார். எண் பூஜ்யத்துக்கு வந்து அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு ஓர் இட்லி, எண்ணைப் படித்தார். இன்னொன்று, அதையும் படித்தார். கடைசியாகச் சாம்பார். “நூத்திப் பத்து. போதும், போதும், கைய எடு.” எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிட்டு அவர் முதல் வாய் வைத்தபோது இட்லி ஆறிப்போயிருந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து, காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் அவர்கள் வீட்டுக் காலைச் சாப்பாடு இப்படித்தான் நடந்தது.

சிட்டிபாபு தராசு மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. பட்டுநூல் கடை, சரிகைக் கடை, காய்க்கடை, அரிசி மண்டி என்று ஊரில் எங்கே தராசு முரண்டு பிடித்தாலும் அவருடைய மொபெட் வந்து நிற்கும். முன்பக்கத்தில் இரும்பு எடைக்கற்கள், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர். எந்தத் தராசைத் தொட்டாலும் முதலில் தட்டின் நான்கு மூலைகளிலும் கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். “நாலு மூலையும் ஒரே பேச்சு பேசணும்பா. மூலைக்கு ஒண்ணு பேசிச்சின்னா அது தராசு இல்ல, பஞ்சாயத்து.”

‘சுமார்’ என்ற சொல்லே அவருக்கு ஆகாது. தென்னேரி எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், மொபெட் மீட்டரில் பார்த்து வைத்ததைப் புள்ளியோடு சொல்வார். தெருவில் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் அவரிடம்தான் எடுத்து வருவார்கள். துண்டை விரித்து, துண்டின் எடையைக் கழித்து, குழந்தை கையைக் காலை ஆட்டி ஓயும்வரை பொறுமையாகக் காத்திருந்து எடை சொல்வார்.

தராசில் எண் காட்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பது அவர் கட்சி. அதனால்தான் போனில் கலோரிக் கணக்குப் போடும் அந்த ஆப்பை அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டார்.

மார்ச் மாதம் வாலாஜாபாத் மண்டி ஒன்றில் இருபது கிலோ கல்லைத் தூக்கியபோது வயிற்றில் ஏதோ பிய்ந்துகொண்டது போல இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தொப்புளுக்கு மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும். இருமினால் வெளியே வந்துவிடும். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜாஹ்னவி அழுத்திப் பார்த்துவிட்டுக் குடலிறக்கம் என்றார். சின்னக் காஞ்சிபுரத்துப் பெண். சிட்டிபாபுவை விடப் பதினைந்து வயது இளையவர்.

“குடல் வெளியில வர்ற ஓட்டை மேல வலை வெச்சுத் தைக்கணும். ஆனா இந்த எடையில தைச்சா நிக்காது, மறுபடியும் பிச்சுக்கும். தொண்ணூத்தேழு கிலோ இருக்கேள். தொண்ணூறுக்கு வாங்கோ, செஞ்சுடலாம். அதுவரைக்கும் கனமா எதையும் தூக்கப்படாது. குடல் வெளியில சிக்கிண்டா ஆபத்து.”

தூக்காமல் தராசு மெக்கானிக் எப்படிப் பிழைப்பது? லில்லி அதை ஒரே நாளில் தீர்த்துவைத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அரிசி மூட்டையைத் தனியாக நகர்த்திப் பழகியவள். கனமான கல் வேண்டிய வேலைகளையெல்லாம் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். மொபெட்டின் பின்னால் அவள் ஏறிக்கொள்வாள். கடையில் இறங்கிப் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கல்லைத் தூக்கி வைப்பாள். அவர் எண்ணைப் படிப்பார். கடைக்காரர்கள் முதலில் திருதிருவென்று விழித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

எடையைக் குறைக்கும் வழியை மகள் சுகாசினி காட்டினாள். ஏனாத்தூரில் எம்.எஸ்ஸி. படிப்பவள். அப்பாவின் போனில் ஆப்பை ஏற்றி, “சாப்பிடறது எல்லாத்தையும் இதுல போட்டுக்கினே வாப்பா. எத்தினி கலோரின்னு அதுவே கூட்டும்” என்றாள். முதல் நாள் பக்தியோடு பட்டினி மாதிரி சாப்பிட்டார். இரவுச் சாப்பாட்டை ஏற்றி முடித்ததும் திரையில் ஒரு வரி வந்தது. ‘ஒவ்வொரு நாளும் இன்று போலவே இருந்தால், ஐந்து வாரத்தில் உங்கள் எடை 90.2 கிலோ.’

சிட்டிபாபு அதை இரண்டு முறை படித்தார். “லில்லி, புள்ளி வெச்சிச் சொல்லுதும்மா!”

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேதி கேட்டார். டாக்டர் சிரித்தார். “தேதியை நீங்க சொல்றேளா, போன் சொல்றதா?” ஆனாலும் மே பதினான்காம் தேதி வந்து எடை பார்க்கச் சொன்னார். அதைச் சிட்டிபாபு ஆபரேஷன் தேதியாகவே எடுத்துக்கொண்டார். மார்க்கெட் முழுக்கச் சொன்னார்.

முதல் வாரம் ஒன்று புள்ளி ஆறு கிலோ இறங்கியது. தராசில் நின்றபடியே விசிலடித்தார். இரண்டாம் வாரம் எழுநூறு கிராம். மூன்றாம் வாரம் நானூறு. நான்காம் வாரம் தென்னேரியில் மச்சினன் மகள் கல்யாணம். முந்நூறு கிராம் ஏறியது. ஐந்தாம் வாரம் ஐந்நூறு இறங்கியது. இதற்கிடையில் ஆப் மட்டும் ஒவ்வொரு இரவும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஐந்து வாரத்தில் தொண்ணூறுக்குள் வந்துவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நாட்கள் நகர்ந்தன; அந்த ஐந்து வாரம் நகரவில்லை.

மே பதினான்கு அன்று தொண்ணூற்று நான்கு புள்ளி ஒன்று. டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

அதன் பிறகு ஒரு வாரம் அவர் மார்க்கெட் பக்கம் போகவே கூசினார். “இன்னாபா, ஆபரேஷன் ஆயிட்ச்சா?” என்று கேட்காத ஆளில்லை. வீட்டில் போனைக் கவிழ்த்து வைத்தார். “ஆறு கிலோ எண்ணூறு எறங்கும்னான். எறங்கினது ரெண்டு கிலோ தொள்ளாயிரம். பாதி கூட இல்ல. இந்த மாதிரி ஒரு தராசு என் கையில வந்தா எந்த ஆபீசரும் முத்திரை போடமாட்டான்.”

“அப்ப ரிப்பேர் பண்ணு” என்றாள் லில்லி, அரிசியைக் களைந்தபடி.

விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, அந்தச் சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. காட்டும் எண் தப்பென்றால் உள்ளே போகும் சுமை சரியா என்று பார்க்க வேண்டும். அதுதானே அவர் தொழில்? மறுநாள் காலையிலிருந்து தன்னையே ஒரு தராசாக வைத்துச் சோதிக்க ஆரம்பித்தார்.

முதல் தப்பு வாலாஜாபாத்தில் அகப்பட்டது. மொபெட்டில் போய் இறங்கியவர், இறங்கின இடத்திலேயே போனை எடுத்துப் பார்த்தார். நாலாயிரத்து முந்நூறு காலடி நடந்ததாக எழுதியிருந்தது. அதற்குச் செலவான கலோரியையும் கழித்திருந்தது. காலைத் தரையில் வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சட்டைப் பையில் இருந்த போன் மொபெட்டின் உதறலையெல்லாம் நடை என்று எண்ணியிருக்கிறது!

இரண்டாவது, எண்ணெய். ஒரு ஞாயிறு எண்ணெய்த் தூக்கை எடை போட்டு, அடுத்த ஞாயிறும் போட்டார். மூன்று பேருக்குப் போன எண்ணெய், ஆப்பில் ‘ஒரு ஸ்பூன்’ என்று எழுதிய எண்ணெயைவிட இரண்டு மடங்குக்கு மேல். லில்லி ஒத்துக்கொள்ளவில்லை. அவரே ஒரு ஸ்பூன் அளந்து தாளித்துக் காட்டி, அது போதாமல் போன பிறகு ஒத்துக்கொண்டாள்.

மூன்றாவதுதான் பெரியது. அதைச் சுகாசினி கண்டுபிடித்தாள்.

“அப்பா, டீ எங்கப்பா? ஒரு டீ கூட இதுல இல்லையே?”

“டீ இன்னாத்துக்குப் போடணும்?”

“ஒரு நாளைக்கு எத்தினி குடிக்கிற?”

கடைக்கு ஒன்று. மண்டியில் இரண்டு. எண்ணிப் பார்த்தால் ஒன்பது, சில நாள் பதினொன்று. எல்லாவற்றிலும் சர்க்கரை. அதற்கு மேல், சின்னக் காஞ்சிபுரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் முரளீதரன், இவர் தராசைச் சரிபார்க்கப் போகும் நாளெல்லாம் வாழையிலையில் வைத்துத் தரும் கோயில் இட்லித் துண்டு, மிளகும் நெய்யுமாக.

“அதெல்லாம் சாப்பாடு இல்லம்மா” என்றார் சிட்டிபாபு. “மரியாத.”

சுகாசினி சிரித்ததில் லில்லிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாம்பாரைக் கிராம் கணக்கில் எடை போட்ட மனிதர் பதினொரு டீயை விட்டுவிட்டாரே என்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கடைசியில் அவரும் சேர்ந்துகொண்டார்.

மறுபடி டாக்டரைப் பார்த்தபோது இதையெல்லாம் ஒப்பித்தார். டாக்டர் ரசித்துக் கேட்டார். “அதெல்லாம் சரிபண்ணினாலும் அப்படியே பலிக்காது. முதல் வாரம் போறதுல பாதி தண்ணி. அப்புறம், எடை குறையக் குறைய உடம்பு சிக்கனமாயிடும். ஆப்பு அன்னன்னிக்கு இருக்கறதை அப்படியே நீட்டிச் சொல்றது. நாளைக்கு உங்களுக்குக் கல்யாணம் வருமா, காய்ச்சல் வருமான்னு அதுக்கு என்ன தெரியும்?”

இது சிட்டிபாபுவுக்கு நன்றாகப் புரிந்தது. தராசு இன்று இருப்பதைச் சொல்லும். நாளைக்கு இருக்கப்போவதை எந்தத் தராசும் சொன்னதில்லை. கோபம் போய்விட்டது. ஆப்பை அழிக்கவும் இல்லை. டீயை மூன்றாகக் குறைத்தார். குடித்த மூன்றையும் எழுதினார். நடைக் கணக்கை அடைத்துவிட்டு, விடியற்காலையில் நிஜமாகவே நடந்தார். அடுத்த ஐந்து வாரத்துக்கு ஆப் மூன்று கிலோ என்றது, இரண்டு இறங்கியது. “மூணு சொன்னா ரெண்டுன்னு வெச்சிக்க” என்று லில்லியிடம் சொன்னார். தப்பு எவ்வளவு என்று தெரிந்துவிட்ட தராசோடு அவருக்குச் சண்டை கிடையாது. ஜூலை கடைசியில் தொண்ணூறு தொட்டுவிடலாம் என்று அவரே ஒரு கணக்குப் போட்டார். இந்த முறை மார்க்கெட்டில் சொல்லவில்லை.

அந்த நாள் வந்தபோது காலையில் தன் மேடைத் தராசில் வெறும் கைலியோடு நின்றார். அதன் எடையைக் கழித்ததில் தொண்ணூறு புள்ளி ஆறு. தன் கணக்கிலும் அறுநூறு கிராம் உதைத்ததை லில்லியிடம் சொல்லிவிட்டு, சட்டை பேண்ட் போட்டுக்கொண்டு அவளோடு கிளம்பினார். சனிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைகளுக்குப் போக வேண்டியிருந்ததால் கற்களும் மொபெட்டில் இருந்தன.

ஆஸ்பத்திரியில் புது எடை மிஷின் வாங்கிப் போட்டிருந்தார்கள். வரிசையில் அவர் முறை வந்தது. ஏறினார். எண்பத்தொன்பது புள்ளி ஒன்பது.

“பாஸ் அண்ணா!” என்றாள் நர்ஸ் மேரி. சீட்டில் எழுதவும் தொடங்கினாள்.

சிட்டிபாபு இறங்கவில்லை. நான்கு மாதம் தட்டு தட்டாகக் காத்திருந்த எண் காலடியில் மின்னிக்கொண்டிருந்தது. சும்மா இறங்கினால் முடிந்தது. லில்லியைப் பார்த்தார். காலையில் எண்ணைப் பார்த்தவள் அவள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை பேண்ட்டோடு எடை கூடத்தானே வேண்டும்? எப்படிக் குறையும்?

“சிஸ்டர், எழுதாதம்மா. இது கம்மியா காட்டுது.”

“அண்ணா, உனக்கு நல்லதுதானே?”

“எனக்கு நல்லது. இதப் பாத்துத்தானம்மா எல்லாருக்கும் மருந்து அளவு வெக்கிறீங்க?”

லில்லி அதற்குள் வெளியே போயிருந்தாள். இருபது கிலோ கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து மிஷின் மேல் வைத்தாள். பத்தொன்பது புள்ளி எட்டு. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்துவிட்டார். சிட்டிபாபு அனுமதி கேட்டு, தரையில் உட்கார்ந்து, மிஷினைக் கவிழ்த்துக் கால் மணி நேரம் அதோடு பேசினார். லில்லி கல்லை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். இருபது என்று நின்றதும் அவர் ஏறினார். தொண்ணூறு புள்ளி எட்டு.

“எண்ணூறு கிராம் ஜாஸ்திங்க, டாக்டர்” என்றார், குற்றவாளி போல.

“எண்ணூறு கிராமுக்காக நிறுத்தற டாக்டர் இல்ல நான்” என்றார் ஜாஹ்னவி. “வியாழக்கிழமை காலம்பற வெறும் வயித்தோட வாங்கோ.”

ஆபரேஷன் அந்த வியாழக்கிழமையே நல்லபடியாக முடிந்தது, வலையும் நின்றது. லில்லி சத்துணவுக்கூடத்தில் சொல்லிச் சொல்லிப் பூரிப்பது அதையல்ல, டாக்டர் உள்ளே போன பிறகு அந்த வராந்தாவில் நடந்ததைத்தான். சிட்டிபாபு சந்தோஷத்தில் நேரே வீட்டுக்குக் கிளம்பவில்லை. அவருக்கு முன்னால் எடை பார்த்துவிட்டுச் சீட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பினார். திருமுக்கூடலிலிருந்து வந்திருந்த காந்தா என்ற அம்மாள், கையில் பெரிய ஒயர்கூடையோடு, “நான் ஏற்கெனவே பாத்தாச்சுங்களே” என்று தயங்கினாள்.

“அது தப்புமா. வா, இன்னொரு தபா ஏறு” என்று சொல்லிவிட்டு, அவள் மிஷினில் கால் வைப்பதற்குள் அந்தக் கூடையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார் சிட்டிபாபு.