மூன்றால் வகுபடும் வீடு

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளுக்கு ஓர் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான்.

அவள் என் சின்னம்மாவின் மகள். யோங் பெங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து வீட்டிலேயே பிறந்தவள். பிறப்புப் பத்திரம் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதற்குள் சின்னம்மா இறந்துபோனார். சித்தப்பா எங்கோ போய்விட்டார். செனாயில் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியர் தயவில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் எல்லோரும் பன்னிரண்டு வயதில் எடுக்கும் ஐசி என்ற அடையாள அட்டையை எடுத்துவிட்டார்கள். எண் இல்லாவிட்டால் இவளுக்கு இடைநிலைப்பள்ளி இல்லை என்று பெரியவர்கள் அடுப்படியில் குசுகுசுத்தார்கள்.

நான் அப்போது நான்காம் ஆண்டு. கணக்கில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஐசி எண் எப்படி அமையும் என்று அப்பா சொல்லியிருந்தார். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்து ஜொகூர் மாநிலத்தில் பிறந்தவர்களுக்குச் சுழியம், ஒன்று என இரண்டு இலக்கம், கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அப்படியானால் அக்காவின் எண் ஐயாயிரம் எண்களில் ஒன்று. அதை எப்படிக் குறைப்பது? அப்பா, அம்மா, நான் மூவரின் எண்களையும் எடுத்து இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன். மூன்றுமே மூன்றால் மீதியின்றி வகுபட்டன. எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் வீட்டு எண்கள் இப்படித்தான் இருக்கும், அக்காவும் எங்கள் வீடுதானே. இது வெறும் தற்செயல் என்று சொல்ல அங்கே ஆளில்லை. மிச்சமிருந்தவற்றில் அழகான ஒன்றை நானே பொறுக்கிக் கொடுத்தேன்.

அக்கா பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தாள்.

"தப்பா இருந்தா எப்படிடி?"

"இருக்காதுக்கா. மூணால வகுபடுது லா."

ஐசிக்காக ஏற்கெனவே பலமுறை ஏறி இறங்கிய பதிவு அலுவலகத்துக்கு அடுத்த தடவை அம்மா அவளை அழைத்துப்போனபோது நானும் போனேன். முகப்பிலிருந்த தமிழ்ப் பெண்மணி வழக்கம்போல, "நம்பர் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். அம்மா வாயெடுக்குமுன் அக்கா பன்னிரண்டு இலக்கங்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அம்மா அதிர்ந்து திரும்பினார். பெண்மணி கணினியில் தட்டிப் பார்த்தார், மறுபடியும் தட்டினார்.

"இந்த நம்பர்ல யாரும் இல்லம்மா."

"அது நான்தாங்க," என்றாள் அக்கா.

அந்தப் பெண்மணி குரலில் கடுமையே இல்லை. அதனால்தானோ என்னவோ, அம்மா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார்.

இப்போது அக்கா பெர்மாஸ் ஜெயாவில் ஓர் உணவகத்தின் சமையல்கட்டில் நிற்கிறாள். ஐசி இன்னும் இல்லை. நான் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். வழியில் போலீஸ் ஐசி கேட்குமோ என்ற பயமில்லாமல் அவளால் யோங் பெங் வரைக்கும்கூடப் போக முடியாது. ஐசி இனி வந்துவிடும் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அன்று பஸ்ஸில் நான் விரல்விட்டு மறுபடி கூட்டினேன். முப்பத்தாறு வந்தது. "கணக்கு சரிதான்கா," என்று அவள் காதில் சொன்னேன். அவள் தலையாட்டினாள். கணக்கு சரியாக இருந்தால் போதும், அடுத்த முறை அவர்கள் இன்னும் நன்றாகத் தேடுவார்கள் என்று நம்பி அவள் மடியில் படுத்துத் தூங்கிவிட்டேன்.