உப்பு ஏரிக்குப் போகாத இருவர்

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியில், பலெர்மோ நகரில் ஒரு வயதான அம்மாவின், அந்த ஊர்ப் பேச்சில் ஒரு சிஞ்ஞோராவின், வீட்டோடு தங்கி வேலை செய்தேன். அவருக்கு எழுபத்து நான்கு வயது, கணவர் இல்லை, இதயம் பலவீனம். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். சீனாவின் பாலைவனத்தில், கடல் மட்டத்திலும் நூற்றைம்பது மீற்றர் தாழ்வாக ஒரு உப்பு ஏரி இருக்கிறதாம். அதை வருடா வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டியவர், ஒரு தடவையும் கண்ணால் கண்டதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் குழுவாக அந்தப் பக்கம் சுற்றுலா போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் மகனுக்கே சொன்னார்.

மகன் மறித்துப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் நானும் கூடப் போக வேண்டும் என்ற நிபந்தனையில் இறங்கி வந்தார். "அம்மாவுக்கு ஏதும் நடந்தால் பிறகு உனக்கு இஞ்சை வேலை இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவரும் சிஞ்ஞோராவும் பேசியது இத்தாலி மொழிதான். என் காதில் எல்லாம் எங்கள் பேச்சாகவே நிற்கிறது. வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் போகும், அந்த நாட்டில் இருக்கிற உரிமையே போகும்.

அதே ஊரில் அல்பெர்கேரியாப் பக்கம் ஒற்றை அறையில் இருந்த என் கணவருக்கோ சிரிப்பு.

"சீனாவோ? மன்னாரிலை இருந்து கொழும்புக்குப் போகவே பஸ்ஸிலை சத்தி எடுத்தனீ."

"ஓம், இந்த முறை சீனாவிலை போய் எடுக்கிறன்" என்றேன்.

வாய்தான் அப்படிச் சொன்னது. பயம் வந்தால் எங்கள் ஆட்கள் செய்வதையே நானும் செய்தேன். செருப்பில்லாமல் மலையேறி, புனித றொசாலியாவின் குகைக் கோயிலில் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தேன். பயண நாட்களில் விடிந்ததிலிருந்து அன்றைய இடத்துக்குப் போய்ச் சேரும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாது, சிஞ்ஞோராவை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்து விடு. சும்மா ஒரு நேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி பிடித்தால் போதாது என்று நானே கூட்டிக்கொண்டது அது. யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாட்கள் பெரும்பாலும் ரயிலில் போயின, சமாளித்துவிட்டேன். ஹாமி என்ற ஊரிலிருந்து துர்பானுக்கு பஸ்ஸில் போன நாள்தான் என்னைப் பிழிந்து எடுத்தது. இருட்டோடு புறப்பட்டோம். பாதி வழிக்குத் தெருவைக் கிண்டிப் போட்டிருந்தார்கள், பஸ் சரளைக் கல்லுக்குள் இறங்கி இறங்கி ஏறியது. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் அவியல். எங்களைக் கூட்டிப் போன பெண் ஒலிபெருக்கியில் அறிவித்தாள். நாலு மணிக்குள் துர்பான் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கே ஏரி. பிந்தினால் இல்லை, அடுத்த நாள் விடிய ஊர் திரும்ப வேண்டும்.

சிஞ்ஞோரா முன் சீற்றில் மடியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் வழியைத் தொட்டுத் தொட்டு வந்தார். ஒரு இடத்தில் டயர் வெடித்தது. எல்லாரும் பஸ்ஸின் நிழலில் ஒட்டிக்கொண்டு நிற்க, அவர் மட்டும் கல் பொறுக்க நடந்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நேரம் பார்த்துக் குளிசை கொடுத்தேன், கழுத்துக்கு ஈரத் துணி போட்டேன், அரை மணிக்கு ஒருதரம் தண்ணீர் பருக்கினேன்.

"நீ குடிச்சனியோ?"

"ஓம் சிஞ்ஞோரா."

போத்தலை வாயில் வைத்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிமிர்த்திக் காட்டுவேன். சாரதி வெட்டித் தந்த முலாம்பழத்தைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு நாக்கு மரக்கட்டை. சிஞ்ஞோராவின் முகம் நல்ல தெளிவாக இருந்ததைப் பார்த்து, நேர்த்தி வேலை செய்கிறது என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

மூன்றரைக்கே துர்பான் வந்துவிட்டது. பஸ்ஸுக்குள் கைதட்டினார்கள். சிஞ்ஞோராவின் பையைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கினேன். அவ்வளவுதான் ஞாபகம்.

கண் முழித்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. சின்ன ஆஸ்பத்திரி, இரும்புக் கட்டில். பக்கத்து ஸ்ரூலில் சிஞ்ஞோரா. கூட்டிப் போன பெண் வாசலில் நின்று கெஞ்சினாள்.

"டொக்டர் பயமில்லை எண்டிட்டார். இரண்டு மணித்தியாலம்தானே, வாங்கோ சிஞ்ஞோரா. எல்லாரும் பஸ்ஸிலை இருக்கினம்."

நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். "போங்கோ சிஞ்ஞோரா. எனக்கு ஒண்டுமில்லை."

"நானும் போனால் இஞ்சை இவள் ஆரோடை கதைக்கிறது?" என்றார் சிஞ்ஞோரா அந்தப் பெண்ணிடம். "நீங்கள் போங்கோ."

வெளியே பஸ் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது. பிறகு சத்தம் தூரப் போய்விட்டது. சிஞ்ஞோரா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"உடம்பிலை தண்ணியே இல்லையாம். நாள் முழுக்கக் குடிச்சனான் எண்டு சொன்னியே?"

சொன்னேன். மலையை, நேர்த்தியை, மூடின உதட்டை எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. அத்தனை வருடத்தில் அவர் என்மேல் சத்தம் போட்டது அது ஒருதரம்தான்.

"ஆரைக் கேட்டு என்ரை உயிருக்குப் பேரம் பேசினனீ? நான் சாகிறதெண்டால் அந்த ஏரியைப் பார்த்திட்டுச் செத்திருப்பனே!"

வெட்கத்தில் செத்தேன். அவர் கோப்பையை எடுத்துக் கரண்டி கரண்டியாக என் வாயில் தண்ணீர் விட்டார். சிந்திக் கழுத்தெல்லாம் நனைந்தது. "விழுங்கு" என்பார், விழுங்குகிறேனா என்று தொண்டையைப் பார்ப்பார்.

போனவர்கள் சப்பாத்தெல்லாம் உப்பு ஒட்டத் திரும்பினார்கள். சாப்பாட்டு மேசையில் எங்களைக் கண்டதும் கதை நின்றது. எப்படி இருந்தது என்று சிஞ்ஞோராவே கேட்டார். ஒருவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஒண்டுமில்லை, வெறும் உப்புத்தான்" என்றார். நல்ல மனிசன்.

பலெர்மோ திரும்பிய முதல் ஞாயிறு, மகன் எங்களைக் கடலோரத்தில் உள்ள ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு மீன் சாப்பிடக் கூட்டிப் போனார். உட்கார்ந்ததும், "அம்மா, ஏரி பார்த்தனீங்களோ?" என்றார். நான் விழுந்த கதை இப்போது வரும், அதோடு என் வேலையும் போய்விடும்.

"பார்த்தன்" என்றார் சிஞ்ஞோரா. கரை எங்கே தொடங்குகிறது, உப்பு எப்படி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது, நடுவில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று, வகுப்பில் சொன்ன மாதிரி நிதானமாகச் சொன்னார். மகன் சாப்பிட மறந்து கேட்டார்.

"இவள் உங்களை நல்லாப் பார்த்தவளோ?"

"என்ரை பக்கத்தை விட்டு அசையேல்லை."

"அப்ப உங்கடை ஆசை தீர்ந்துது."

"தீர்ந்துது" என்று சொல்லிவிட்டு, மீனில் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை என் தட்டில் வைத்தார்.