முதல் தட்டு

கலோலைனேயின் இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. வலிக்கவில்லை. வலித்திருந்தால் முன்பே கவனித்திருப்பாள். பசிபிக் தீவான டோங்காவில் ஒரு கடையில் உறைந்த ஆட்டு விலாவை அறுத்துப் போடுவது அவள் வேலை. செருப்புக்குள் ஒரு சிப்பித் துண்டு கிடந்ததும் அதன்மேல் நின்றதும் அவளுக்குத் தெரியாது. தரையில் ரத்தத்தைப் பார்த்தபோது பெட்டியிலிருந்து வடிந்தது என்றே நினைத்தாள்.

திங்கட்கிழமை விரல்களை எடுத்துவிடுவதாக டாக்டர் சொன்னார். அதற்குள் சர்க்கரை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கத்தி வைக்க முடியாது; தள்ளிப்போனால் முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போய்விடும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். கீரையை அவித்துத் தின்றாள்.

வெள்ளிக்கிழமை அவளுடைய தாய்மாமன் வுனா இறந்துபோனார். அவருக்கும் சர்க்கரைதான்.

சிறுமியாக இருந்தபோது அவர் தோட்டத்துக்கு அவள் நடந்தே போவாள். வள்ளிக்கிழங்கு போட்ட நிலம். பிறகு அங்கே ஜப்பானுக்கு அனுப்பப் பூசணி போட்டார்கள். பிறகு எதுவும் போடவில்லை. ஆண்கள் நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போனார்கள். அங்கிருந்து ஆட்டு விலா பெட்டி பெட்டியாக வந்தது. வெறும் கொழுப்பென்று அந்த ஊர்க்காரர்கள் அதைத் தின்பதில்லையாம். இங்கே மீனைவிட விலை குறைவு. அவள் கணவன் பிடிக்கும் மீன் ஓட்டலுக்குப் போனது. அந்தப் பணத்தில் வீட்டுக்கு விலா வந்தது. யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. கலோலைனேயும் யோசிக்கவில்லை.

டோங்காவில் அக்காள் மகளுக்கு மாமன் வீட்டில் தனி இடம். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கேட்க ஆள் கிடையாது. சாவு வீட்டில் பிணத்தின் தலைமாட்டில் உட்காருகிறவளும் அவள்தான். மற்றவர்கள் துக்கத்துக்கு அடையாளமாகக் கிழிந்த பெரிய பாய்களை உடம்பில் சுற்றிக்கொண்டு கொல்லையில் சமைத்தார்கள். முதல் தட்டு கலோலைனேக்கு வந்தது. அவள் வாய் வைக்காமல் யாரும் சாப்பிட முடியாது.

வுனாவின் மகள் பிசிலா மண்டியிட்டுத் தட்டை நீட்டினாள். தேங்காய்ப் பாலில் மிதந்த விலா, பன்றி, கிழங்கு, நூடுல்ஸ், ஓரத்தில் கேக்.

"கிழங்கு மட்டும் போதும் பிசிலா. திங்கக்கிழமை ஆபரேஷன்."

"கிழங்கா? கப்பல்ல எறக்குன கறியெல்லாம் யாருக்குக்கா?"

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "ரெண்டு விரலுக்குப் பயந்துக்கிட்டு ஊரையே பட்டினி போடுறா பாரு."

"விரல் போனா போகுது, வாய் இருக்குல்ல!"

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கிழங்கில் ஒரு துண்டைப் பிட்டு மென்றாள். அவள் கறியைத் தொடாததால் அறையில் ஒரு கையும் அசையவில்லை. பிசிலா தட்டைக் கீழே வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, எங்கப்பா மேல ஏதாவது கோவமா?"

"ஐயோ, இல்லடி."

"அப்புறம் ஏன் அவர் சோத்த வேண்டாங்கறீங்க? எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க."

கலோலைனே விலாவை எடுத்தாள். பாதியில் வைத்தாலும் கோபம்தான் என்பார்கள். தட்டு காலியாகும்வரை தின்றாள். ருசி தெரியவில்லை. அறையெங்கும் கைகள் அசைந்தன.

கிளம்பும்போது அவள் பங்கென்று கறிப் பெட்டிகளை வேனில் ஏற்றினார்கள். வீட்டில் ஐஸ்பெட்டி சிறியது. கெட்டுப்போவதற்குள் தின்று தீர்த்தார்கள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ் லூப்பே அவள் கைவிரலில் குத்தினாள். சர்க்கரை மீட்டரில் வந்த எண்ணைப் பார்த்தாள். வேறொரு விரலில் குத்தினாள்.

"என்னக்கா சாப்பிட்டீங்க?"

"மாமன் சாவு."

"தெரியும். நானும் அங்கதான இருந்தேன்." லூப்பே பஞ்சைக் குப்பையில் போட்டாள். "நீங்க வாய் வச்ச பிறகுதான் சாப்பிட்டேன். செம பசி எனக்கு."

அன்று கத்தி வைக்கவில்லை. அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. அதற்கடுத்த வாரம் காலை எடுத்தார்கள்.

பார்க்க வந்த பிசிலா போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"நான்தானேக்கா வற்புறுத்தினேன்."

கலோலைனே கூரையைப் பார்த்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"நீ என்னடி பண்ணுவ? அழாத," என்றாள். "சாப்பிட்டியா?"