குங்குமம் வைத்த நோட்டுகள்

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், எங்களுக்கு ஒரு தேங்காய், கற்பூரக் கடை உண்டு. எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் அக்கா வேறு சாதிக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அப்பா கத்தவில்லை, ஆள் திரட்டிக்கொண்டு கிளம்பவுமில்லை. "எனக்கு ஒரே பொண்ணுதாங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார், அவ்வளவுதான். ஒரே பெண் ஆகிவிட்டதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மாவால் அப்படி இருக்க முடியவில்லை. அக்கா வேங்கிக்கால் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறாள், முழுகாமல் இருக்கிறாள், அவள் புருஷனுக்கு வேலை நிலையாக இல்லை என்பதெல்லாம் பூ கொண்டுவரும் அம்மாள் மூலம் அம்மாவின் காதுக்கு வந்துவிட்டது. ஏதாவது கொடுக்க வேண்டும், அப்பாவுக்குத் தெரியவும் கூடாது. வங்கியில் அம்மா பேரில் கணக்கு இருந்தது. ஆனால் அதில் சேர்த்திருந்தது அப்பாவின் நம்பர். நூறு ரூபாய் எடுத்தாலும் அப்பாவின் சட்டைப்பையில் மெசேஜ் வந்து விழும். ஆகவே அம்மா ரொக்கத்தை நம்பினாள். அவள் கடையில் உட்காரும் நேரத்தில் வருவதில் கொஞ்சம் எடுத்துக் காலியான கற்பூர டப்பா ஒன்றில் போட்டு வைப்பாள்.

"நோட்டுக்கு வாய் கிடையாது பாப்பா. யார்கிட்டருந்து வந்துச்சு, யார்கிட்ட போவுதுன்னு சொல்லவே சொல்லாது" என்றாள் என்னிடம்.

கொடுக்கிற இடத்தையும் அவளே கண்டுபிடித்தாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநாள். பட்டாவில் பேர் மாற்ற மனு கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். ஒரே மனுவுக்கு மாதாமாதம் போக வேண்டியிருந்ததில் அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. அரசாங்க ஆபீசுக்கு நடந்து பழகிய யாருக்கும் வராது. மனுவோடு வந்த கூட்டத்துக்கு நடுவில், வேப்ப மரத்தடியில், அக்கா எங்களுக்காக உட்கார்ந்திருப்பாள்.

பணத்தை அம்மா உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மகளுக்கு வெறும் நோட்டைக் கொடுக்க அவளுக்கு மனசு வராது. முந்தானையில் பொட்டலமாக முடிந்து வந்த மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு நோட்டின் மூலையிலும் தடவி, அதன்மேல் குங்குமம் வைப்பாள். கடையில் முதல் போணி நோட்டுக்கும் அப்படித்தான் வைப்பாள். அக்கா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். வளைகாப்பு செய்து பார்க்கக் கொடுத்துவைக்காத அம்மாவுக்கு அதுதான் வளைகாப்பு. எனக்கு ஒரு ரோஸ்மில்க் கிடைக்கும், அது வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தேங்காய் எடுக்க டவுனுக்குப் போனார். மினி வேனில் நானும் தொற்றிக்கொண்டேன். மொத்த வியாபாரி நல்ல மனுஷர், பேச்சுதான் ஜாஸ்தி. மீதிப் பணம் கொடுக்கும்போது ஒரு நோட்டை அப்பா முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னாங்க, உங்க நோட்டு எனக்கு ரெண்டு பக்கமும் வருது. வேங்கிக்கால்ல நம்ம மாடி வீட்டைச் சின்னஞ்சிறுசுங்க ரெண்டு பேருக்கு விட்டிருக்கேன். அந்தப் பொண்ணு வாடகை குடுத்தா இதே மஞ்சள் குங்குமம், இதே கற்பூர வாசனை. உங்களுக்குச் சொந்தங்களா?"

அப்பா அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு, "இல்லீங்க" என்றார். எங்கள் கடை நோட்டுக்கு இவ்வளவு பேரா என்று நான் பூரித்துப்போனேன். அம்மா அந்தப் பொட்டை வைக்காமல் கொடுத்திருக்கலாம். அக்காவாவது துடைத்துவிட்டு வாடகை கொடுத்திருக்கலாம். இருவருக்கும் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பா எதையும் விசாரிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது, "மனு குடுக்க இனிமே நீ போவ வேணாம். நானே பாத்துக்கறேன்" என்றார்.

அடுத்த வாரமே கடைக்கு ஒரு பேசும் பெட்டி வந்தது. யாராவது போனில் பணம் போட்டால் எவ்வளவு வந்தது என்று அது உரக்கச் சொல்லும். அப்பாவின் நம்பர் தெரிந்தவர்கள் எங்கிருந்து போட்டாலும் பணம் நேராக அவர் கணக்குக்குப் போய்விடும். ரொக்கம் வாங்குவதில்லை என்று அட்டையில் எழுதி மாட்டி, நோட்டை நீட்டியவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார் அப்பா. வியாபாரம் பாதியாகப் படுத்தது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கோ அந்தப் பெட்டியின் மேல் ஒரே மோகம், அதன் குரலிலேயே பேசிக்கொண்டு திரிந்தேன். அக்காவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் கொடுக்க எதுவும் இல்லை, போய்ப் பார்க்க வழியும் இல்லை. அவள் யாருமில்லாதபோது அழுது தீர்த்தாள். கேட்டால் கற்பூரம் கண்ணைக் கரிக்கிறது என்பாள், நானும் நம்பினேன்.

அந்த மாதப் பௌர்ணமியன்று சாயங்காலம், கூட்டம் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, கடை முன்னால் ஒருவரும் நிற்காதபோது, "ஒரு ரூபாய் பெறப்பட்டது" என்றது பெட்டி. அப்பா போனை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு?" என்று கேட்டாள் அம்மா.

"யாரோ. தெரியாம அழுத்திட்டாங்க போல."

அனுப்புகிறவரின் பேரை அந்தப் போன் காட்டிக்கொடுத்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பல வருஷம் கழித்துத்தான் அதில் அக்காவின் பேரை என் கண்ணால் பார்த்தேன். அம்மாவுக்கு எந்தப் போனும் தேவைப்படவில்லை, அப்பாவின் முகமே போதுமாயிருந்தது. அடுத்த பௌர்ணமிக்கும் அதே ஒரு ரூபாய் வந்தது. தேங்காய் நாரைக் கிள்ளிப் போட்டபடி அம்மா அன்று பகல் முழுக்கப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதற்கடுத்த பௌர்ணமியில் பெட்டி, "இரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்றது.

அம்மா விரல் விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்தாள், சட்டென்று எழுந்து உள்ளே போனாள். ஒரு கை சர்க்கரையோடு திரும்பி வந்து என் வாயில் கொஞ்சம் போட்டாள். மீதியை அப்பாவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். அப்பா வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெறும் இரண்டு ரூபாய்க்கா சர்க்கரை என்று நான் கேட்டுச் சிரித்தேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.