விலாவில் எழுதிய சிங்கம்

திண்டுக்கல்லில் நான் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, ஒரு கோடையில், என் இடது விலாவில் கொப்புளங்கள் கிளம்பின. முதுகெலும்பில் தொடங்கித் தொப்புள் வரைக்கும் அரை வளையம். சட்டை உரசினாலே நெருப்பை ஒட்டி வைத்ததுபோல எரிந்தது.

என் மனைவியின் அண்ணன் சேவுகம்பட்டியில் தக்காளி போடுகிறவர். சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மாப்ள, இது அக்கி. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசியப் போட்டு உள்ள அமுக்கி விட்டுருவாய்ங்க. எழுதிட்டா தானா ஓடிரும்."

அக்கி எழுதுவது பானை செய்கிறவர்களின் வேலை. செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் எழுதுவார்கள். சிங்கத்தைக் கண்டு அக்கி ஓடிவிடும் என்பது நம்பிக்கை. மச்சான் கூட்டிப்போன இடத்தில், எழுதுகிறவர் என்னை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். அப்போது எனக்கு நல்ல தொந்தி. "எடம் தாராளமா இருக்கு" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு, வாலை முதுகில் ஆரம்பித்து, தலையைத் தொப்புள் பக்கம் கொண்டுவந்து முடித்தார். வாய் திறந்தே இருந்தது.

"குளிக்கக் கூடாது அப்பு. காஞ்சு தானா உதிரணும்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போனேன். பிரசங்கத்தின் நடுவில் கரண்ட் போனது. சாமியார் விடுவதாக இல்லை. வேர்த்து ஊற்றி, என் வெள்ளைச் சட்டையின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு ஊறியது. பின் பெஞ்சிலிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் முன்னால் குனிந்து, "என்னய்யா, ரத்தம் வருது?" என்றார்.

"ரத்தமில்ல சார். சிங்கம்."

 அவர் தன் குடையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அக்கி ஆறியது. வலி மட்டும் உள்ளே கிடந்தது. அதற்குப் பிறகுதான் மெலிய ஆரம்பித்தேன். ஊரே என்னைப் பாராட்டியது. ஜாக்கெட்டுக்கு வரும் டீச்சர் ஒருவர், போன வருட ஜாக்கெட்டின் தையலைப் பிரித்துப் பெரிதாக்கச் சொல்லி வந்தவர், துணியைக் கொடுக்காமல் என்னையே பார்த்தார். "அண்ணே, என்னண்ணே சாப்பிடுறீங்க? எனக்கும் சொல்லுங்க." ஒன்றும் சாப்பிட முடியவில்லை என்பதுதான் உண்மை. வயிறு எதையும் தங்கவிடாது. ஆனால் சந்தோஷப்படுகிறவரிடம் அதை எப்படிச் சொல்ல? "கேப்பைக் கூழ் டீச்சர்" என்றேன். அவர் அந்த மாதமே கூழ் குடிக்க ஆரம்பித்து, இன்னும் கொஞ்சம் பெருத்தார்.

மச்சான் எனக்கு சுகர் என்றார். பாகற்காயாகக் கொண்டுவந்து இறக்கினார். அதைச் சாப்பிட்டால் வாயெல்லாம் தீய்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நாக்கும் அண்ணமும் தயிர் ஆடை படிந்த மாதிரி வெள்ளையாக இருந்தன. சுரண்டினால் அடியில் ரணம். காய்ச்சல் வேறு வந்து வந்து போனது.

ஒரு வழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். எடுத்த எடுப்பில், "சமீபத்துல அக்கி வந்துச்சா?" என்றார்.

நான் திகைத்துப்போனேன். "சிங்கம் இன்னும் தெரியுதா மேடம்?"

அவருக்கு எந்தச் சிங்கம் என்று புரியவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று கதவைச் சாத்திவிட்டு, எச்ஐவி என்று நிதானமாகச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாயில இருக்குறது காளான் மாதிரி ஒன்னு. எல்லார் வாயிலயும் கொஞ்சம் இருக்கும். உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கும்ல, அந்தக் கிருமியும் நரம்புக்குள்ள ஒளிஞ்சு தூங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வீட்டுல எலி இருந்தாலும், பூனை இருக்குற வரைக்கும் வெளிய வராதுல்ல? இந்த வைரஸ் உங்க ஒடம்புல இருந்த பூனைகளாப் பாத்துத் தின்னுருச்சு. அதான் ஒவ்வொன்னா வெளிய வருது."

"அப்ப நான் செத்துருவேனா மேடம்?"

"பூனை மறுபடி பெருகுறதுக்கு இப்ப மாத்திரை இருக்கு. கவர்மெண்ட்ல சும்மாவே தராங்க. ஆனா ஒரு நாள்கூட விடக் கூடாது."

தையல் ஊசி கையில் குத்தினால் துணி வழியாக யாருக்காவது போகுமா என்று கேட்டேன். போகாது என்றார். அதை மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் சலிக்காமல் சொன்னார்.

எப்படி வந்தது என்பதை என் மனைவியிடம் சொன்னேன். அது அவளுக்கு மட்டும் சொல்ல வேண்டியது; இங்கே வேண்டாம். அவளுக்கும் ரத்தம் பார்த்தார்கள். அவளுக்கு இல்லை என்று வந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுத அழுகையைப் பார்த்து, எனக்கு யாரோ இறந்துவிட்டதாக நினைத்து ஒருவர் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார். அவள் அழவில்லை. அன்றிலிருந்து என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஆனால் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டுவது அவள்தான். கடைச் சுவரில் மாதா படம் இருந்தது. பேச வேண்டியதை அதனிடம் பேசினாள். "மாதாவே, அந்த ஆள மாத்திரைய முழுங்கச் சொல்லு." "மாதாவே, சோறு ஆறுது." நானும் மாதாவுக்கே பதில் சொன்னேன். வாய் ஆறியது, பசி வந்தது, சதை பிடித்தது. இன்று எனக்குத் தொந்திக்குக் குறைவில்லை. எல்லாச் செய்தியும் மாதா வழியாகத்தான் அவளுக்குப் போனது.

புது மாத்திரைக்குக் கனவு வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வந்தது, சினிமாஸ்கோப்பில் வந்தது. ஒரு காலையில் கடையைத் திறந்ததும் படத்தைப் பார்த்துச் சொன்னேன்: "மாதாவே, நேத்துக் கனவுல பிஷப்பு வந்தாரு. ஜாக்கெட் தைக்கணும்னு கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. நான் டேப்பத் தேடுறேன், கெடைக்கவே மாட்டேங்குது."

எதிரே ஊசி நின்றது. 

"கழுத்து என்ன வைக்கச் சொன்னாரு?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"போட் நெக்."

"பின்னாடி?"

"கயிறு. குஞ்சம் வச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த ஹூக்கெல்லாம் தரையில் கொட்டியது. சிரித்துக்கொண்டே இருந்தவள், ஒரு கட்டத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் தரையில் உட்கார்ந்து ஹூக்கைப் பொறுக்கினேன். எழுந்துபோய்த் தொட எனக்குத் தைரியமில்லை.

கண்ணைத் துடைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். "தொட்டுக்க வெஞ்சனம் ஒன்னும் வைக்கல. சட்னிதான் இருக்கு. சாப்பிட வாங்க."