ஹபீபா ராத்தாவின் வருத்தம் கடலால் வந்ததல்ல

புட்டுக்கு மா குழைத்த கையோடுதான் தொலைபேசியை எடுத்தேன். "அன்ரி, உம்மா மௌத்தாகிட்டா" என்றாள் ஹபீபா ராத்தாவின் மகள் ஸீனத். சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரியநீலாவணையிலிருந்து சாய்ந்தமருதுக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்குள் போன கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டது. கோபம்தான் காரணம்.

பெண்கள் நிறைந்திருந்த அறையில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஹபீபா டீச்சர் சுனாமியில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவராம், அந்தக் கவலையில்தான் மனம் குழம்பியதாம். அவரை அறிந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? அவர் பெற்றது ஸீனத் ஒருத்தியைத்தான். அவளும் பிறந்தது கடல் வந்து போன பிறகு. அந்தக் காலையில் ராத்தா சம்மாந்துறையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். ஜனாஸா வீட்டை விட்டுப் போகுமுன்னே அவருக்கு ஒரு பொய்க்கதை தயாராகிவிட்டது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சலுக்கு உள்ளூர் ஆஸ்பத்திரி, மனவருத்தத்துக்கு, அதாவது மனநோய்க்கு, வெளியூர் ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று விடியுமுன் பஸ் ஏறுவோம். போய் இறங்கினால் பக்கத்து வீட்டாரும் அதே வரிசையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நிற்பார்கள். பிறகு இரண்டு பேரும் யாரோ சொந்தக்காரரைப் பார்க்க வந்ததாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். தம்பியைக் கூட்டிக்கொண்டு போன முதல் நாள் நானும் அதைத்தான் சொன்னேன். வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்தவர், பிறகு நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டவர், சிரித்தார்.

"நான் ஒருத்தரையும் பார்க்க வரல்ல தங்கச்சி, டொக்டரிட்ட காட்டத்தான் வந்தன். எனக்கு மனவருத்தம் இரிக்கி. குளிசை போடுறன். கணக்குப் படிப்பிக்கிறன்."

வருத்தம், மாத்திரை, கணக்கு மூன்றையும் ஒரே குரலில் சொன்னார். எதற்கும் குரல் தாழவில்லை. நான் என் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் அன்றுதான் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே, மனதில் இருப்பதைக் கூடிப் பேசும் ஒரு கதைக்கூட்டத்துக்கு நாள் குறித்தார். சனிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டு ஹோலில் பாய் விரித்து, பாலில்லாத பிளேன்டி ஊற்றித் தருவார். முஸ்லிம் பெண்களும் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண்களும் வருவார்கள். "ஊரார்ர கதை வேணாம், தன்ட கதையை மட்டும் கதைங்க" என்பதுதான் அங்கே சட்டம். முதல் கதை எப்போதும் அவருடையது. கடலில் பிள்ளைகளை இழந்தவர்களும் அந்தப் பாயில் இருந்தார்கள். அவர்கள் கதைக்கும்போது ராத்தா அழுவார். அந்தத் துயரத்தைத் தன்னுடையதாக ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒருமுறை சுனாமி நினைவுநாள் நெருங்க, ஒரு நிறுவனத்தார் கமராவோடு வந்தார்கள். கடலைப் பற்றி அழுகிற முகம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ராத்தா பொறுமையாக விளக்கினார்.

"கடல் வாறதுக்கு முந்தியே எனக்கு இந்த வருத்தம் இரிக்கி தம்பி. கம்பஸ்ல பட்டம் படிக்கக்குள்ள வந்தது. இதையும் கடல்ர தலையில போடாதீங்க."

சின்ன இழப்பு ஏதாவது இருந்தாலும் போதும் என்றார் வந்தவர். இல்லை என்றதும் கமராவை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ராத்தா அவர்களுக்குப் பிளேன்டி கொடுத்துத்தான் அனுப்பினார். எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஒரு மனுஷி தன் நோயைத் தன் வாயால் சொல்கிறாள். அது போதாது, அதற்கு ஊர் மதிக்கிற காரணமும் கொண்டுவர வேண்டும் என்றால் இது என்ன நியாயம்? காரணம் இல்லாமல் நோய் வந்தவர்களை இந்த ஊர் எங்கே கொண்டுபோய் வைக்கிறது? பின்னறையில். கதவைப் பூட்டி.

போன வாரம் பாடசாலை மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. ராத்தாவின் காக்கா, அதாவது அண்ணன், வாசலிலேயே என்னை மறித்தார். ஸீனத்துக்கு மாப்பிள்ளை பேசுகிறோம், அந்த வீட்டாரும் வந்திருக்கிறார்கள், வருத்தக் கதையைக் கிளப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடலால் வந்தது என்றால் பெண் எடுப்பார்களாம். தானாக வந்தது என்றால் பரம்பரை என்று விட்டுவிடுவார்களாம். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி என் வாயைக் கட்டிப்போட்டார். பிறகு மேடையேறி, கடல் கொண்டுபோன பிள்ளையை நினைத்தே தன் தங்கை உருகினார் என்றார். மண்டபம் உச்சுக்கொட்டியது. கதைக்கூட்டத்துப் பெண்கள் குனிந்துகொண்டார்கள்.  நானும் எழும்பவில்லை.

எழும்பியவள் ஸீனத். பெண்கள் பக்கத்திலிருந்து நடந்துபோய் மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"மாமா சொன்னது பிழை. நாங்க கடலுக்கு ஒருத்தரையும் குடுக்கல்ல. உம்மாக்கு மனவருத்தம் இருந்திச்சு. குளிசை போட்டா. கணக்குப் படிப்பிச்சா. மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டுக்கங்க."

அடுத்த நாளே அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் ராத்தாவிடம் கணக்குப் படித்தவர்கள். அவரிடம் படித்தபோது அவருடைய மூளை நன்றாகத்தான் இருந்தது. மகளைக் கட்டும்போது மட்டும் கெட்டுவிட்டது போலும். நான் ஆத்திரத்தில் கத்தியபோது ஸீனத்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள். "அவங்க தெரியாம வந்திருந்தா அன்ரி, காலம் பூராவும் நான்தான் உம்மாவ ஒளிச்சு வெச்சிரிக்கணும்" என்றாள்.

ராத்தாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த மூன்று வசனங்களைத்தான். நேற்று தம்பியை வெளியூர் பஸ்ஸில் ஏற்றவில்லை. உள்ளூர் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒருவர் தன் மகளோடு நின்றார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார்.

"காட்ட வந்தனாங்க" என்றேன். "தம்பிக்கு மனவருத்தம் இருக்கு. குளிசை போடுறான். போட் எஞ்சின் திருத்துறான்."

 அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு எந்தப் பக்கம் வரிசை என்று கேட்டார்.