‘புட் அப்’ என்னும் இரண்டு சொற்கள்

பக்கத்து வீட்டுச் சீனத் துணிக்கடைக்காரர் தம் கடைக்கு மேலே ஒரு மாடி எழுப்புகிறார். விடிந்ததும் சுத்தியல் ஓசை தொடங்கிவிடும். நேற்றுக் காலை வேலியோரம் வந்து நின்று, எனக்கென்றே சேர்த்து வைத்திருந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். “நான் மாடி புட் அப். கிராணி சத்தம் புட் அப். கொஞ்ச நாள்தான், லா!” குமாஸ்தாவை இந்த ஜொகூர்ப் பக்கத்தில் கிராணி என்பார்கள், ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பெயர் போவதில்லை. அவர் கட்டுகிறார், நான் பொறுத்துக்கொள்கிறேன். இருவருக்கும் ஒரே வினைச்சொல். சிகாமட் ஊர் அரசாங்க அலுவலகத்தை விட்டு இந்தத் தங்காக் ஊரில் வீடெடுத்தபோது, அந்த இரண்டு சொற்களிடமிருந்தும் ஓய்வு கிடைத்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கற்பித்தது கனமான ஆங்கிலம். கட்டுவதற்கு ‘கன்ஸ்ட்ரக்ட்’, சமர்ப்பிப்பதற்கு ‘சப்மிட்’, விருந்தாளிக்கு இடம் கொடுப்பதற்கு ‘அக்காமடேட்’, சகிப்பதற்கு ‘என்டியூர்’. ஒவ்வொன்றும் கோட்டும் தலைப்பாகையும் அணிந்த சொல். ஜொகூருக்கு வந்தபின் தெரிந்தது, இவற்றையெல்லாம் துரைமார் எங்களுக்குத் தந்துவிட்டு, தங்களுக்கென்று ‘புட் அப்’பை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. பாலம் கட்டினாலும் அதுதான், விளம்பரப் பலகை நிறுத்தினாலும் அதுதான், நிலத்தை ஏலத்துக்கு விட்டாலும் அதுதான். ‘வித்’ என்று ஒரு வால் ஒட்டிவிட்டால், சகித்துக்கொள்வதும் அதுதான்.

அலுவலகத்தில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. துரை ஒரு கடுதாசியின் மூலையில் நீலப் பென்சிலால் ‘புட் அப்’ என்று எழுதினால், அது சம்பந்தமான பழைய கடுதாசிகளைத் தேடியெடுத்து, அடியில் வைத்துக் கட்டி, உரிய நேரத்தில் அவர் மேசையில் வைக்க வேண்டும். உரிய நேரம் என்பதுதான் இதில் வித்தை. அதை எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லாது. கருணை வேண்டிய மனுக்களைத் தேநீருக்குப் பின்னும் டென்னிஸுக்கு முன்னும் வைப்பேன். மறுக்கப்பட வேண்டிய மனுக்களுக்குச் சாப்பாட்டுக்கு முந்திய வேளை பொருத்தம்.

ரப்பர் விலை விழுந்த ஆண்டுகளில் மேசைக்கு வந்தவையெல்லாம் ஒரே விதமான கடுதாசிகள். தோட்டங்கள் மூடப்பட்டன, பால்மரம் சீவிப் பாலெடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சாஆ என்னும் ஊர்ப்பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து முத்தாயி என்ற பெண் நடந்தே வந்து, எங்கள் அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தாள். கணவன் மாரிமுத்து காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். துறைமுகத்துக்குப் போகும் லாரி மறுநாள் புறப்படும். அவன் பின்னால் வரட்டும், நீ ஏறு என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்களாம்.

“அவரு கண்ணு முழிச்சுப் பாக்குறப்ப நான் கடல்ல இருந்தா என்னாங்கய்யா ஆவறது? லயத்து வீட்டுக் கதவையும் பூட்டிட்டாங்க” என்றாள்.

மனுவை நான் எழுதினேன். தேநீர்க் கோப்பை வெளியே வந்ததும் உள்ளே கொண்டுபோனேன். துரை அவளைக் கூப்பிட்டார். மொழிபெயர்ப்பும் என் வேலைதான்.

“இவள் ஊர் எது?” என்று கேட்டார்.

“ரெண்டாம் நம்பர் லயம், தொரை. கெணத்துப் பக்கம்.”

“அது இல்லை. இந்தியாவில்.”

“சேலத்துப் பக்கம்னு எங்கப்பா சொல்லுவாரு. நான் பாத்ததில்லீங்களே.”

பார்க்காத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும் என்று துரை என்னைக் கேட்டார். நான் விதிப் புத்தகத்தை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவர் கப்பலேற்றும் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்; புருஷன் எழுந்தபின் இருவரும் பேசி முடிவு செய்யட்டும் என்றார். பிறகு, அதுவரை இவளை யாராவது தங்கவைக்க முடியுமா என்றார். வேறென்ன, ‘புட் அப்’ என்றுதான் கேட்டார்.

முடியும் என்றேன். ஆனால் நான் குடியிருக்கும் அரசாங்கக் குவாட்டர்ஸில் வெளியாரைத் தங்கவைக்க முன்அனுமதி வேண்டும் என்பதையும் பணிவுடன் நினைவூட்டினேன். துரை பெருமூச்சு விட்டார். “சரி, ஒரு கடுதாசி புட் அப் பண்ணு” என்றார். பண்ணினேன். அதற்குள் அவர் சுற்றுப்பயணம் புறப்பட்டுவிட்டார். மூடிய அறைக்கு வெளியே கடுதாசியோடு நின்ற என்னைப் பார்த்து மலாய்ப் பியூன், “அலமாக், கிராணி! சொந்த வீட்டுக்குமா தாள்?” என்று தலையில் கைவைத்தான்.

உத்தரவு வரும்வரை அவளை எங்கே வைப்பது என்று வீட்டு வாசலில் யோசித்துக்கொண்டிருந்தேன். மனைவி வெளியே வந்து பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, உங்கட கடுதாசிக்குப் பதில் வருமட்டும் அந்தப் பிள்ளை கேற்றடியில நிக்கிறதோ? நீ உள்ள வா பிள்ளை. அவர் அங்கயே நிண்டு விதியைப் படிக்கட்டும்.”

அப்படித்தான் முத்தாயி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோவாள். மாலையில் திரும்பிவந்து என் மனைவியின் சமையலில் உறைப்புப் போதாது என்பாள். இருவரும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டார்கள். மாரிமுத்து எழுந்து நடமாடியதும், கப்பல் வேண்டாம் என்று இருவருமாக முடிவுசெய்து, ஒரு சீனரின் காய்கறித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் போன பிறகே துரை திரும்பினார். என் கடுதாசியும் திரும்பியது. அதில் எழுதியிருந்தார்: ‘தங்கலாம், ஊர் திரும்பும் வரை.’

கட்டுவதற்கும் தங்குவதற்கும் சகிப்பதற்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருப்பது நம் பெருமை என்று நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்வீடு கட்டினேன். அதில் வேறொருவர் குடியிருக்கிறார். இங்கே பிறர் கட்டிய வீட்டில் நான் தங்கியிருக்கிறேன். இடையிலுள்ள தூரத்தை இரண்டு வீடுகளும் பொறுத்துக்கொள்கின்றன. இந்த மூன்று பொருளையும் ஒரே சொல் மூட்டையாகக் கட்டிய ஆங்கிலேயனும் வீட்டைவிட்டுத் தூரத்தில் வாழ்ந்தவன்தானே.

போன வாரம் முத்தாயியும் மாரிமுத்துவும் பயற்றங்காய்க் கட்டோடு வந்திருந்தார்கள். “ஐயாதான் பென்சன் வாங்கியாச்சே, ஊருக்கு எப்பப் போறீங்க?” என்று கேட்டாள்.

“அங்க வீட்டில இருக்கிறவை எழும்பினாப் போவம்” என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

குடியிருப்பவரை எழுப்ப நோட்டீஸ் கொடுக்கும் முறை, முதல் வரியிலிருந்து கடைசி முத்திரைவரை எனக்குத் தெரியும். இன்னும் எழுதவில்லை. துரையின் உத்தரவில் முத்தாயியின் பெயர் இல்லை, தேதியும் இல்லை. விண்ணப்பத்தின் அடியில் இருந்த என் கையெழுத்துக்குக் கீழேதான் அதை எழுதியிருந்தார். ஆக, முறைப்படி பார்த்தால், ‘ஊர் திரும்பும் வரை’ என்ற அந்த அனுமதி எனக்கு இன்னும் செல்லும்.